மீட்டரிலிருந்து தொடங்குங்கள்: கோலாலம்பூர் வீட்டுக்கும் சாலைக்கும் ஒரு சிக்கன வழிகாட்டி

கரண்ட் பில் ஏறிவிட்டால் நம் வீடுகளில் முதலில் திட்டு வாங்குபவை விளக்குகள்தாம். ஆளில்லாத அறையில் ஏன் விளக்கு எரிகிறது என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டுவரும் அந்த அதட்டல், 60 வாட் குண்டு பல்புகள் எரிந்த நாளில் நியாயமானதாகவே இருந்தது. இன்று அதே அறையில் எரிவது 9 வாட் எல்.இ.டி. விளக்கு, அதை இரவு முழுவதும் அணைக்க மறந்தாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே ஆகிறது. அதே இரவில் மாடியறையில் ஓடிய பழைய ஏர்கோன் ஐந்து யூனிட்டை விழுங்கியிருக்கும். மறுநாள் காலையில் ஐந்து பேர் ஹீட்டர் போட்டுக் குளித்து முடிக்கும்போது இன்னும் மூன்று யூனிட் போயிருக்கும். வெப்பத்தை அறைக்குள்ளிருந்து வெளியே தள்ளும் கருவிகளும், வெப்பத்தை உண்டாக்கும் கருவிகளுமே நம் பில்லை எழுதுகின்றன. மற்றவை ஓரத்தில் கையெழுத்துப் போடுபவை.

ஆகவே இந்த வழிகாட்டி எதையும் வாங்கச் சொல்லித் தொடங்கவில்லை. முதலில் அளப்பது, பிறகு குளிரையும் சூட்டையும் கவனிப்பது, அதன்பின் சாலைக்கு வருவது, சூரியத் தகடும் மின்சாரக் காரும் எல்லாவற்றுக்கும் கடைசியில் என்ற வரிசையில் இது செல்கிறது. கணக்குகள் அனைத்தும் தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த வீட்டுக் கட்டண முறையை வைத்துப் போடப்பட்டவை.

முதல் படி: பில்லின் இரண்டாம் பக்கத்தையும் படியுங்கள்

நம்மில் பெரும்பாலோர் பில்லில் பார்ப்பது கட்டவேண்டிய தொகையை மட்டுமே. சிக்கனத்துக்கு வழிகாட்டுவது அந்தத் தொகையன்று, யூனிட் எண்ணிக்கை. பழைய முறையில் முதல் 200 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 100 யூனிட்டுக்கு இன்னொரு விலை என்று படிப்படியாக ஏறியது. புதிய முறையில் மாதம் 1,500 யூனிட் வரை எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை: மின்சாரத்துக்கு 27.03 சென், திறன் கட்டணமாக 4.55 சென், கம்பிவடக் கட்டணமாக 12.85 சென், ஆக மொத்தம் 44.43 சென். இதைப் பார்த்து, எவ்வளவு எரித்தாலும் விலை ஒன்றுதானே என்று எண்ணிவிடக் கூடாது. ஏனெனில் அதே பில்லில் சிக்கன ஊக்கத்தொகை என்று ஒரு கழிவு இருக்கிறது. சூட்சுமம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

மாதம் 200 யூனிட்டுக்குள் நின்றால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு கிடைக்கும். பயன்பாடு ஏற ஏற அந்தக் கழிவு இறங்கிக்கொண்டே வந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒன்றுமில்லாமல் போகும். முக்கியமான செய்தி என்னவென்றால், நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்களோ அந்தப் படியின் கழிவு உங்கள் மொத்த யூனிட்டுக்கும் பொருந்தும். 600 யூனிட் எரிக்கும் வீட்டுக்குக் கழிவு 9 சென். பில் 212 ரிங்கிட் சொச்சம். 650 யூனிட் எரிக்கும் வீட்டுக்குக் கழிவு 7.5 சென்னாகக் குறைவதுடன், 600 யூனிட் வரை தள்ளுபடி செய்யப்படும் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் வந்து ஒட்டிக்கொள்ளும்; பில் 250 ரிங்கிட். இடையிலுள்ள 50 யூனிட்டின் உண்மையான விலை 37 ரிங்கிட்டுக்கு மேல், அதாவது யூனிட்டுக்கு ஏறத்தாழ 75 சென். இதற்கு மேல், எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் மாறும் சரிக்கட்டல் தொகையும், 600 யூனிட்டுக்கு மேற்பட்ட பகுதிக்கான 8 விழுக்காட்டுச் சேவை வரியும் தனி. எனவே உங்கள் கடந்த ஆறு மாத யூனிட் எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 600-ஐ ஒட்டி மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால், சிறிய சிக்கனமும் உங்களுக்குப் பெரிய காசு.

இரண்டாம் படி: மீட்டர் முன் ஓர் இரவு

ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட வீடுகளில் மின்சார நிறுவனத்தின் மைடிஎன்பி செயலியைக் கைபேசியில் திறந்தால் அன்றாடப் பயன்பாடு தெரியும். அது ஒரு நாளின் கணக்கைச் சொல்லும். எந்தக் கருவி தின்றது என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கக் கைபேசிகூடத் தேவையில்லை. மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதன் அருகில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருப்பார்கள். அது 1,000 என்றால் கணக்கு மிக எளிது: ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மினுக்குகிறதோ அதை 60 ஆல் பெருக்கினால், அந்த நேரத்தில் வீடு இழுக்கும் மின்சாரம் வாட் கணக்கில் வந்துவிடும்.

கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள எங்கள் டெரஸ் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு இதைச் செய்து பார்த்தோம். ஏர்கோன், காற்றாடி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வாசல் கேட்டருகே கொசுக்கடியில் நின்று எண்ணினேன். நிமிடத்துக்கு ஐந்து மினுக்கல். எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பதாக நினைக்கும் வீடு 300 வாட்டை இழுத்துக்கொண்டிருந்தது. பின்கட்டில் வைத்திருந்த பழைய பிரிட்ஜின் சுவிட்சை மகன் அணைத்ததும் ஐந்து மூன்றானது. அந்தப் பிரிட்ஜைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தவை அரைத் தேங்காய் மூடி ஒன்று, தீபாவளிக்கு வாங்கிய ஆரஞ்சுப் பானம் இரண்டு போத்தல், எந்த ஆண்டில் போட்டது என்று மனைவிக்கே நினைவில்லாத எலுமிச்சை ஊறுகாய் ஆகியவைதாம். இந்த மூன்றையும் குளிரில் வைத்திருக்க மாதத்துக்கு 50 யூனிட் அளவுக்குச் செலவழித்து வந்திருக்கிறோம்.

நீங்கள் எண்ணும்போது பிரிட்ஜின் கம்ப்ரசர் ஓடி ஓடி நிற்பது என்பதால், பத்து நிமிட இடைவெளியில் மூன்று நான்கு முறை எண்ணிச் சராசரி எடுப்பது நல்லது. பிறகு ஒவ்வொரு கருவியாக அணைத்து, எண்ணிக்கை எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை இந்த வேலைக்கு வைத்தால் அவர்களே வீட்டின் காவலர்களாகிவிடுவார்கள்.

மூன்றாம் படி: குளிரை விலை குறைத்து வாங்குவது

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையில் இருக்கிறது. மார்ச் இறுதியிலும் செப்டம்பரிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேராக நிற்கும். மற்ற மாதங்களிலும் அது வெகுதூரம் சாய்வதில்லை. அதனால் வீட்டுக்குள் இறங்கும் வெப்பத்தில் பெரும்பங்கு கூரை வழியாகவே வருகிறது, அடுத்தது மேற்குச் சுவர் வழியாக. இரண்டு மாடி டெரஸ் வீட்டில் கீழ்த்தளம் தாங்கும்படி இருக்க, மேல்மாடி அறைகள் இரவு ஒன்பது மணிக்கும் அனலாக இருப்பது இதனால்தான். ஓட்டுக்கும் சிலிங்குக்கும் இடையில் வெப்பத்தைத் திருப்பும் அலுமினியத் தாளும், அதன்மேல் வெப்பத்தடுப்புப் பஞ்சும் போடுவது ஒருமுறைச் செலவு. வீட்டுக்குக் கூரை வேலை வரும் வேளையில் இதையும் சேர்த்துச் செய்துவிட்டால் ஆட்கூலி மிச்சம். அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்தளத்தில் இருப்போர் கூரையைத் தொட முடியாது. அவர்கள் மேற்கு சன்னலை வெளிப்புறத்தில் நிழல் படும்படி மறைப்பதில் கவனம் செலுத்தலாம். உள்ளே போடும் தடித்த திரை வெளிச்சத்தைத் தடுக்குமே தவிர, கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெப்பத்தை முழுமையாகத் திருப்பி அனுப்பாது.

ஜோர்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும்: நடுவே வானம் பார்க்கும் முற்றம், உயர்ந்த கூரை, வெயில் சுவரில் படாதபடி முன்னால் நீண்ட ஐந்தடி நடைபாதை. ஏர்கோன் இல்லாத காலத்தில் கட்டியவர்கள் காற்றுக்கு வழி விட்டே கட்டினார்கள். நம் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், பழைய வீடுகளில் இருந்த, கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய நாக்கோ சன்னல்களும் அதே அறிவுதான். முழுவதும் மூடினாலன்றி காற்று நிற்காது. அழகுக்காக அவற்றைக் கழற்றிவிட்டு நகரும் கண்ணாடிச் சன்னல் போட்டதும், பாதித் திறப்பை இழந்தோம் என்பது பலருக்குத் தோன்றியதே இல்லை.

செங்கற்சுவர் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை மாலையில்தான் உமிழும். இரவு எட்டு ஒன்பது மணிக்கு அறைக்குள்ளிருக்கும் காற்று, வெளியே வீசும் காற்றைவிடச் சூடாக இருப்பது வழக்கம். அந்த நேரத்தில் நேராக ஏர்கோனைப் போடுவது, கொதிக்கும் பாத்திரத்தை அப்படியே பிரிட்ஜில் வைப்பதற்கு ஒப்பானது. கொசுவலை அடித்த சன்னல்களை அரைமணி நேரம் திறந்து, காற்றாடியை வேகமாகச் சுழலவிட்டுச் சூட்டை வெளியேற்றிய பிறகு மூடிக்கொண்டு ஏர்கோனைப் போடுங்கள்.

ஏர்கோனை எத்தனை பாகையில் வைப்பது என்பது குடும்பச் சண்டைக்குரிய விஷயம். 2011-இல் அரசு அலுவலகங்களில் 24 பாகைக்குக் கீழே இறக்கக் கூடாது என்று அறிவுறுத்தப்பட்டது. வீட்டுக்கும் அதுவே கீழெல்லையாக இருக்கட்டும். என் கருத்தில், காற்றாடி மெதுவாகச் சுழலும் அறைக்கு 26 பாகை போதும். காற்று தோலின்மேல் நகரும்போது உடல் இரண்டு பாகை குறைவாகவே உணர்கிறது. அந்த இரண்டு பாகையைக் கம்ப்ரசர் மூலம் பெற்றால் நூற்றுக்கணக்கான வாட், காற்றாடி மூலம் பெற்றால் 70 வாட், புதிய டி.சி. மோட்டார் காற்றாடியாக இருந்தால் 30 வாட் சொச்சம். 18 பாகையில் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது தவறான நம்பிக்கை. சாதாரண ஏர்கோனின் கம்ப்ரசர் எந்த எண்ணை அழுத்தினாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். எப்போது நிறுத்துவது என்பதை மட்டுமே அந்த எண் தீர்மானிக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்குத் தானாக நிற்கும்படி நேரம் குறித்து வைத்தால், மீதி இரண்டு மணி நேரத்தைக் காற்றாடி பார்த்துக்கொள்ளும்.

வாங்கும்போது குதிரைத்திறன் அதிகமிருந்தால் நல்லது என்று விற்பனையாளர் சொல்வார். எங்கள் சிறிய அறைக்கு ஒன்றரைக் குதிரைத்திறன் ஏர்கோனை ஒருவர் அப்படித்தான் தலையில் கட்டினார். அறை பத்து நிமிடத்தில் சில்லென்றாகி, கம்ப்ரசர் நின்று, ஈரப்பதம் மட்டும் அப்படியே தங்கி, போர்வை பிசுபிசுத்தது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச ஏர்கோன் தொடர்ந்து நிதானமாக ஓட வேண்டும். 150 சதுர அடிக்கு உட்பட்ட படுக்கையறைக்கு ஒரு குதிரைத்திறன் போதுமானது. எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையில் ஐந்து நட்சத்திரமே உச்சம். நட்சத்திரத்தை எண்ணுவதோடு நில்லாமல், அதே முத்திரையில் அச்சிட்டுள்ள ஆண்டுப் பயன்பாட்டு எண்ணையும் ஒப்பிடுங்கள். இரவில் எட்டு மணி நேரம் ஓடும் அறைக்கு, கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்டர் வகை கட்டாயம் லாபம். விருந்தினர் வரும்போது மட்டும் திறக்கும் அறைக்கு அதன் கூடுதல் விலை திரும்பாது.

ஏர்கோனின் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுவது ஐந்து நிமிட வேலை. வெளியே மாட்டியிருக்கும் பெட்டியின் முன்னால் துணிக்கொடி கட்டுவதையும் செடித்தொட்டி அடுக்குவதையும் தவிர்க்க வேண்டும்; அறையிலிருந்து எடுத்த சூட்டை அது வெளியே வீச இடம் வேண்டும்.

பிரிட்ஜுக்கும் அதே விதி. சுவரிலிருந்து ஒரு கையகல இடைவெளி, அடுப்புக்கு அருகில் வைக்காமை, கதவின் ரப்பர் இறுக்கம் ஆகிய மூன்றும் போதும். ஒரு ரிங்கிட் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. தோசை மாவைப் பெரிய வாளியில் வைத்து வேளைக்கொரு முறை வெளியே எடுத்து வைப்பதைவிட, இரண்டு மூன்று டப்பாக்களில் பிரித்து வைத்தால் தேவையானது மட்டும் வெளியே வரும். புதிய பிரிட்ஜ் வாங்கினால் பழையதைப் பின்கட்டுக்குத் தள்ளாமல் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை இரவு நான் கொசுக்கடி பட்டுக் கற்ற பாடம் அது.

நான்காம் படி: சூட்டுக்கு மணி பார்ப்பது

குளியலறையில் மாட்டியிருக்கும் உடனடி ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட். பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட். ஐந்து பேர் காலையும் மாலையும் முழுச் சூட்டில் குளித்தால் நாளுக்கு 6 யூனிட், மாதத்துக்கு 180. இந்த எண்ணைக் கேட்டதும் யாரும் நம்புவதில்லை. மீட்டர் விளக்கைப் போய்ப் பாருங்கள், ஹீட்டர் போட்டவுடன் அது எண்ண முடியாத வேகத்தில் மினுக்கும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் இயல்பாகவே குளிர்ந்ததன்று. வெயில் நாளின் மாலையில் கூரைத்தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இறங்கும்; அந்த வேளையில் ஹீட்டரைத் தொடாமல் குளித்தாலே கணக்கில் பாதி குறைந்துவிடும். காலையில் திருகைப் பாதி அளவில் நிறுத்திக்கொள்ளலாம். வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் இந்தச் சிக்கனத்தில் இழுக்க வேண்டியதில்லை.

அடுத்து, நம் வீடுகளில் மெல்ல இடம்பிடித்துவிட்ட வெந்நீரும் குளிர்நீரும் தரும் சுத்திகரிப்புக் கருவி. யாரும் குடிக்காத நடுநிசியிலும் அது ஒரு பக்கம் கொதிக்க வைத்துக்கொண்டும் இன்னொரு பக்கம் குளிர வைத்துக்கொண்டும் நிற்கிறது. வெந்நீர்ப் பொத்தானை இரவில் அணைத்து, காலை மைலோவுக்குப் பத்து நிமிடம் முன்பு போட்டால் ஒரு குறையும் வராது. சோற்றுப் பானையின் சூடுகாக்கும் நிலையும் அப்படியே: 40 வாட் அளவில் பன்னிரண்டு மணி நேரம் இருந்தால் மாதத்துக்கு 14 யூனிட், அதோடு அடியில் காய்ந்துபோன சோறு. ஆறிய சோற்றை உண்ணும்போது சூடாக்கிக்கொள்வது இரண்டு வகையிலும் மேல்.

துணி உலர்த்தும் இயந்திரத்தைப் பற்றி என் தீர்ப்பு சற்றுக் கடுமையானது. மழைக்காலத்தில் அடுக்குமாடியில் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது தேவை. மற்றவர்களுக்குக் கொடியும் காற்றாடியும் போதும். அயர்ன் செய்வதை ஞாயிறு மாலை ஒரே மூச்சில் பள்ளிச் சீருடை முதல் வேட்டி வரை முடித்துவிட்டால், தினமும் இஸ்திரிப் பெட்டியை முதலிலிருந்து சூடாக்கும் விரயம் இல்லை. கடைசி இரண்டு கைக்குட்டைகளைச் சுவிட்சை அணைத்த பிறகு, எஞ்சிய சூட்டிலேயே தேய்க்கலாம்.

சமையல் எரிவாயுவை அரசு கிலோவுக்கு 1.90 ரிங்கிட் என்ற விலையில் கட்டுப்படுத்தி வைத்திருப்பதால், 14 கிலோ தோம்புக்கு 26.60 ரிங்கிட்டுடன் வீட்டுக்குக் கொண்டுவரும் கூலிதான் ஆகிறது. விலை குறைவு என்பதால் நாம் கவனிப்பதும் குறைவு. கொண்டைக்கடலையையும் துவரம்பருப்பையும் ஊறவைத்துக் குக்கரில் வேகவைப்பது, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைப்பது, பாத்திரத்தின் அடியைத் தாண்டிச் சுடர் ஏறாமல் பார்ப்பது என்று அம்மாக்கள் சொன்னது எல்லாம் இன்றும் செல்லும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பின் தீயைக் கூட்டினால் ஆவிதான் கூடும். சூடு 100 பாகையைத் தாண்டாது.

ஐந்தாம் படி: சில்லறைகள்

தொலைக்காட்சியின் கீழே இருக்கும் டிகோடர் அணைத்ததாகத் தோன்றும்போதும் 15 வாட் அளவில் இழுத்தால், மாதத்துக்கு 11 யூனிட். சுவிட்சு வைத்த நீட்டுப்பலகையில் அதைச் செருகி, படுக்கப் போகும்போது ஒரே விரலால் அணைத்துவிடலாம். எஞ்சியுள்ள குழல் விளக்குகள் கெட்டுப்போகும்போது எல்.இ.டி.யாக மாற்றினால் போதும், நன்றாக எரிவதைக் கழற்றி எறிய வேண்டாம். கழிவறைத் தொட்டியில் இரண்டு துளி உணவுச் சாயம் விட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். கீழே நிறம் இறங்கியிருந்தால் தண்ணீர் ஒழுகுகிறது. நேரத்துக்கேற்ற கட்டணமுறையும் விருப்பத்தின்பேரில் கிடைக்கிறது. அதில் வாரநாளில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை கூடுதல், மற்ற நேரமும் வார இறுதியும் குறைவு. வித்தியாசம் யூனிட்டுக்கு நான்கு சென் சொச்சம்தான் என்பதால், இரவில் பெரிய அளவில் மின்சாரம் ஏற்றும் வீடுகளுக்கே அது பொருளுள்ளது.

ஆறாம் படி: சாலைக்கு இறங்குமுன்

வீட்டுக்குச் சொன்ன விதியே வண்டிக்கும்: முதலில் அளக்க வேண்டும். ஒரு வாரம் நீங்கள் சென்ற ஒவ்வொரு பயணத்தையும் தூரத்தோடு குறித்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் பதினெட்டுப் பயணங்களில் பதினொன்று ஐந்து கிலோமீட்டருக்குக் குறைவானவை: டியூஷன், கோயில், மாமாக் கடை, மறந்துபோன கறிவேப்பிலை. குளிர்ந்த எஞ்சின் சூடாகுமுன் கூடுதல் பெட்ரோல் குடிக்கும். அது சூடாகும் வேளையில் நாம் வந்து சேர்ந்திருப்போம். இந்தச் சிறு பயணங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே சுற்றில் முடிப்பதும், ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பதற்கு நடப்பதும் எந்தப் புதிய காரும் தராத சேமிப்பைத் தரும்.

வேலைக்குச் செல்லும் பயணத்தை ஒரு கணக்கில் வைத்துப் பாருங்கள். செந்தூலிலிருந்து நகர மையத்துக்குப் போக 10 கிலோமீட்டர், வர 10 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் 440 கிலோமீட்டர். நெரிசலில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைத்தால் 37 லிட்டர். 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய பூடி 95 என்ற பெட்ரோல் மானியத் திட்டத்தின் 1.99 ரிங்கிட் விலையில் பார்த்தாலும் 73 ரிங்கிட்; வண்டி நிறுத்தும் கட்டணத்தை இன்னும் சேர்க்கவில்லை. மலேசியக் குடிமக்களுக்கான மை50 அட்டை 50 ரிங்கிட்டில் முப்பது நாளுக்கு எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேப்பிட் பேருந்து அனைத்திலும் ஏற்றிச் செல்கிறது. செந்தூல் வாசிகள் இதில் கொடுத்துவைத்தவர்கள்: செந்தூல் தீமோர் எல்.ஆர்.டி., 2023 மார்ச்சில் முழுமையாகத் திறந்த புத்ராஜெயா எம்.ஆர்.டி. தடத்தின் செந்தூல் பாராட், பத்துமலை வரை ஓடும் கேடிஎம் கொமுட்டர் என்று மூன்று தடங்கள். ரயில்வே பட்டறைக்காகவே வளர்ந்த ஊருக்கு அது பொருத்தம்தான். கொமுட்டருக்கு மை50 செல்லாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நிலையம் தூரமாக இருக்கும் தாமான்களில் முதல் இரண்டு கிலோமீட்டரே சிக்கல் என்பதை மறுக்க முடியாது. வாரத்தில் ஐந்து நாளும் முடியாதவர்கள் இரண்டு நாளிலிருந்து தொடங்கலாம். பினாங்கில் இருப்போருக்கு ரேப்பிட் பேருந்தும், ஜோர்ஜ் டவுனுக்குள் சுற்றும் இலவச கேட் பேருந்தும், பட்டர்வொர்த் பெர்ரியும் இருக்கின்றன.

காரில்தான் போக வேண்டும் என்றால், ஓட்டும் விதத்தில் இருக்கிறது மீதி. எதிர்க்காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 90-இல் செல்வதைவிட 110-இல் செல்லும்போது அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நெடுஞ்சாலையில் பினாங்கு வரை 350 கிலோமீட்டரை 90-இல் ஓட்டினால் கூடுதலாகச் செல்லும் நேரம் முக்கால் மணிக்கும் குறைவு. சிவப்பு விளக்கு தொலைவில் தெரியும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கியரில் இருக்கும் நிலையில் உருளும் இன்றைய எஞ்சின் அந்த வேளையில் பெட்ரோலையே செலுத்துவதில்லை. சிக்கனம் என்று எண்ணி நியூட்ரலுக்கு மாற்றுவது அதைக் கெடுப்பதோடு ஆபத்தும்கூட. டயர் காற்றை மாதம் ஒருமுறை, வண்டி சூடாகுமுன் பாருங்கள். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும், டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது உச்ச அளவு. பள்ளி வாசலில் ஏர்கோன் போட்டபடி காத்திருக்கும் கார், நகராமலே மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை எரிக்கும். எரியும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் 2.3 கிலோ கரியமில வாயுவாக வெளியேறுகிறது. முக்கால் கிலோ எடையுள்ள திரவம் எப்படி மூன்று மடங்காகும் என்று மகன் கேட்டான்; காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதோடு சேர்ந்துகொள்வதால்தான்.

ஏழாம் படி: குப்பையிலும் எரிசக்தி

கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் முதல் குப்பையைப் பிரிப்பது நடைமுறையில் இருக்கிறது. 2016 ஜூன் முதல் அதற்குத் தண்டமும் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் ஈரக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்கள். அலுமினிய டின்களைத் தனியாகச் சேர்ப்பதற்கு முதலிடம் கொடுங்கள்: தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு எரிசக்தியே உருக்கி மீண்டும் ஆக்கப் போதும். முறுக்கும் வடையும் சுட்ட எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் ஆறவைத்துப் போத்தலில் சேர்த்தால், அதை எடைக்குப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்பவர்கள் தாமான்தோறும் வருகிறார்கள்; அது பயோடீசலாக மாறிச் சாலைக்கே திரும்புகிறது.

எட்டாம் படி: இப்போது சூரியத் தகடும் மின்சாரக் காரும்

ஒரு கிலோவாட் சூரியத் தகடு நம் வெயிலில் மாதம் 100 யூனிட் அளவுக்குத் தரும். மிஞ்சியதை யூனிட்டுக்கு யூனிட் என்று வரவு வைத்த பழைய திட்டம் 2025 ஜூன் 30-இல் முடிந்து, 2026 முதல் சோலார் ஆதாப் என்ற புதிய திட்டம் வந்திருக்கிறது. இதில் வெளியே அனுப்பும் யூனிட்டின் மதிப்பு, நாம் வாங்கும் யூனிட்டின் முழு விலைக்குச் சமமன்று. பகலில் தாமே பயன்படுத்தும் வீட்டுக்கே லாபம் அதிகம். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் வீடாக இருந்து, பில்லும் 350 யூனிட்டுக்குள் இருந்தால், கழிவு போக நீங்கள் யூனிட்டுக்குக் கொடுப்பது 24 சென்னுக்குக் குறைவு. அதை மிச்சம் பிடிக்கப் பல ஆயிரம் ரிங்கிட்டைக் கூரையில் ஏற்றுவது, விற்பனையாளர் காட்டும் அட்டவணையைவிட வெகு மெதுவாகவே திரும்பும். 1,000 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் கூட்டுக்குடும்பத்துக்குக் கணக்கு வேறு.

மின்சாரக் காருக்கும் இப்படியே கணக்குப் போட வேண்டும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் 150 யூனிட் அளவுக்கு ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்கெனவே 550 யூனிட் எரிக்கும் வீட்டின் பில் 187 ரிங்கிட். 700-க்கு ஏறினால் 283. ஆக, காரின் பங்கு 96 ரிங்கிட். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 133 ரிங்கிட் கேட்கும். லாபம் இருக்கிறது, ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு இல்லை. அடுக்குமாடியில் இருப்போர் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் நிறுத்துமிடத்தில் கம்பி இழுக்க முடியாது என்பதையும் முன்பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. பின்கட்டுப் பிரிட்ஜ் 50, வெயில் நாள்களின் மாலைக் குளியலில் ஹீட்டர் 60, ஏர்கோனை 26-இல் வைத்துக் காற்றாடியைச் சேர்த்ததில் 40 என்று முதலில் வீட்டை 400 யூனிட்டுக்கு இறக்கிவிட்டால், காரின் 150 யூனிட்டைச் சேர்த்த பிறகும் மீட்டர் 550-இல்தான் நிற்கும்; பில் அதே 187 ரிங்கிட்.